காரைக்குடி வெயிலில் ஆர்.என்.ஏ.: மரபணு வெளிப்பாட்டை அளக்கத் தொடங்குபவர்களுக்கு

கொரோனா காலத்தில் ஊர் முழுக்கப் புழங்கிய 'சி.டி. வேல்யூ' (பெருக்கத்தின் எத்தனையாவது சுற்றில் கருவிக்குத் தெரிந்தது என்ற எண்) பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதே ரியல் டைம் பி.சி.ஆர். கருவிதான் ஒரு செல்லுக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் அளந்து சொல்கிறது. அன்றைக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தார்கள். இங்கே எத்தனை மடங்கு கூடியது, எத்தனை மடங்கு குறைந்தது என்று பார்க்கிறோம். வேலை செய்யும் மரபணு தன் ஆர்.என்.ஏ. நகலை எழுதும்; அந்த நகலைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, அளப்பதுதான் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பி.எச்டி. முதல் வருடத்துக்கோ இந்த வேலைக்கு வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். கருவி எப்போதும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். கெட்டுப்போன ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தாலும் கொடுக்கும், செத்த செல்லைக் கொடுத்தாலும் கொடுக்கும். அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டா என்பது தட்டைக் கருவிக்குள் வைப்பதற்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, செல்லை உடைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மணி நேரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

எந்தப் பாதையைப் பார்க்கப் போகிறோம்

பழகுவதற்கு, அழற்சியின் போது செல்கள் வெளியிடும் டி.என்.எஃப்.-ஆல்ஃபா (இனி டி.என்.எஃப்.) என்ற புரதம் தூண்டும் என்.எஃப்.-கப்பா-பி பாதையைப் போல வசதியானது வேறில்லை. வேகமாக நடக்கும், மாற்றம் பெரிதாகத் தெரியும், நோயோடு நேரடித் தொடர்பும் உண்டு. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகிய மருந்துகள் டி.என்.எஃப்.பைப் பிடித்து நிறுத்துபவைதாம்.

நடப்பது இதுதான். அமைதியாக இருக்கும் செல்லில் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். ஐ-கப்பா-பி-ஆல்ஃபா என்ற இன்னொரு புரதம் அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். வெளியே டி.என்.எஃப். வந்து ஏற்பியில் அமர்ந்ததும், ஐ.கே.கே. என்ற கைனேஸ் விழித்துக்கொண்டு ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவின் 32, 36ஆம் செரின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய புரதத்தில், அழிக்க வேண்டியது என்ற அடையாளமாக யூபிகுவிட்டின் ஒட்டும். புரோட்டியசோம் அதை அழித்துவிடும். பிடி விட்டதும் என்.எஃப்.-கப்பா-பி நியூக்ளியசுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவின் மரபணுவும் ஒன்று என்பதுதான் இதில் அழகு. தன்னைப் பிடித்து வைக்கும் புரதத்தைத் தானே செய்யச் சொல்வதால், ஒரு மணி நேரத்துக்குள் கட்டுப்பாடு மெல்லத் திரும்பிவிடும்.

நாம் அளக்கப் போவது இரண்டு மரபணுக்கள்: இந்த ஐ-கப்பா-பி-ஆல்ஃபா, அழற்சியின் போது வெள்ளணுக்களை அழைக்கும் ஐ.எல்.-8. செல், ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல் வகை. இந்தியாவில் செல் வகைகளுக்கான தேசிய சேமிப்பகம் புனேயில் உள்ள என்.சி.சி.எஸ்.; அங்கிருந்து வாங்குங்கள். பக்கத்து லேபிலிருந்து ஃபிளாஸ்கோடு வாங்கி வந்தால் மைக்கோபிளாஸ்மாவும் சேர்ந்து வரலாம். மைக்ரோஸ்கோப்பில் தெரியாத இந்தப் பாக்டீரியா, பல செல் வகைகளில் இதே பாதையைத் தானாகவே தூண்டிவிடும். கன்ட்ரோலே ஏற்கெனவே ஏறிக் கிடந்தால் டி.என்.எஃப். போட்டு என்ன தெரியப் போகிறது? வந்த செல்லை வந்த வாரமே பி.சி.ஆர். முறையில் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்துவிடுங்கள்.

அழகப்பா பல்கலைக்கழகத்து உயிர்த்தொழில்நுட்பத் துறையில் நடப்பதுபோல் சி. எலிகன்ஸ் புழுவை வைத்து வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் புழுவில் என்.எஃப்.-கப்பா-பி கிடையாது. அதன் நோயெதிர்ப்பில் முக்கியமானது பி38 பாதை, அதாவது பி.எம்.கே.-1. கீழே வரும் ஆர்.என்.ஏ. வேலை புழுவுக்கும் பொருந்தும். ஆனால் புழுவின் மேல்தோல், செல்லை உடைத்து ஆர்.என்.ஏ.வைக் காக்கும் திரவமான டிரைசாலுக்கு எளிதில் அசையாது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து 37°செ.யில் உருகவைப்பதை மூன்று முறையாவது செய்ய வேண்டும். வளர்ப்பு 20°செ. வெளியே வெயில் 40ஐத் தொடும் மாதத்தில் இன்குபேட்டர் 27க்குப் போனால் புழு முட்டையிடுவது படுத்துவிடும். வெப்ப அதிர்ச்சி மரபணுக்களும் ஏறும்.

தூண்டும் நாள்

முதல் நாள் மாலை ஆறு குழித் தட்டில் குழிக்கு 6 லட்சம் செல் போடுங்கள். டி.எம்.இ.எம். ஊடகம், 10% சீரம், 37°செ., 5% கார்பன் டையாக்சைடு. மறுநாள் காலை குழி எழுபது எண்பது சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். இன்குபேட்டர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். ஆட்டோகிளேவ் செய்த வாலைவடிநீர்தான் ஊற்ற வேண்டும்.

காலை 8 மணிக்கு ஊடகத்தை மாற்றி, குழிக்கு 1.8 மி.லி. விட்டு இன்குபேட்டரில் திரும்ப வையுங்கள். ஊடகம் மாற்றுவதே செல்லுக்கு ஒரு தூண்டல். ஃபாஸ் போன்ற மரபணுக்கள் சில நிமிடத்திலேயே எகிறிவிடும். இரண்டு மணி நேரம் விட்டால் அடங்கும்.

டி.என்.எஃப். பொதுவாக 10 மைக்ரோகிராம் குப்பியாக, உலர்பொடியாக வரும். மூடியைத் திறக்கும் முன் ஒரு முறை சுழற்றி இறக்குங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும். 0.1% பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்த கிருமியற்ற நீரில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். இதை 5 மைக்ரோலிட்டராகப் பிரித்து −80°செ.யில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது. சோதனை நாளில் ஊடகத்தில் மி.லி.க்கு 100 நானோகிராமாகக் கரைத்து, அதில் 200 மைக்ரோலிட்டரைக் குழியில் விட்டால் 2 மி.லி.யில் 10 நானோகிராம்/மி.லி. கிடைக்கும். 2 மைக்ரோலிட்டரை நேராகக் குழியில் விடுபவர்கள் உண்டு. ஒரு மூலையில் செல் சாகாமல் இருந்தால் அதிர்ஷ்டம். சீராகக் கலக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நேரப் புள்ளிகள் 0, 30 நிமிடம், 1, 2, 4 மணி. புதியவர்கள் எல்லாக் குழியிலும் ஒரே நேரத்தில் டி.என்.எஃப். போட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அது சரிவராது. 4 மணிக் குழிக்கும் 30 நிமிடக் குழிக்கும் வளர்ப்பு நேரம் வேறாகிவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். பிற்பகல் 2 மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்து உடைப்பதாக வைத்துக்கொண்டால், 4 மணிக் குழிக்குக் காலை 10க்கு, 2 மணிக் குழிக்கு 12க்கு, அடுத்தது 1க்கு, கடைசி 1.30க்கு. ஆறாவது குழிக்குக் காலை 10க்கே டி.என்.எஃப். இல்லாத, பி.எஸ்.ஏ. மட்டும் கலந்த 200 மைக்ரோலிட்டர் ஊடகம். இந்தக் குழியில் ஏற்றம் தெரிந்தால் உங்கள் கைதான் தூண்டியிருக்கிறது.

சரியாக 2 மணிக்கு ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, குளிர்ந்த பி.பி.எஸ். உப்புக் கரைசலில் ஒரே ஒரு முறை கழுவி, குழிக்கு 1 மி.லி. டிரைசாலை நேராக ஊற்றுங்கள். டிரிப்சின் போட்டுப் பெயர்த்து, சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, அப்புறம் டிரைசால் என்ற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் செல் உயிரோடு இருக்கிறது, புது ஆர்.என்.ஏ.வை எழுதிக்கொண்டே இருக்கிறது. டிரைசால் பட்ட நொடியில்தான் கடிகாரம் நிற்கும். குழியின் அடியைப் பிப்பெட்டால் ஏழெட்டு முறை வருடி, பிசுபிசுப்பு இல்லாமல் ஓடும் வரை உறிஞ்சி விடுங்கள். இந்த நிலையில் −80°செ.யில் மாதக்கணக்கில் தாங்கும். கரன்ட் இல்லை, சென்ட்ரிஃபியூஜ் வேலை செய்யவில்லை என்றால் இங்கே நிறுத்துவதுதான் பத்திரம்.

ஆர்.என்.ஏ.வைப் பிரித்தல்

ஃபீனாலும் குவானிடின் தயோசயனேட்டும் சேர்ந்த இந்த ஒற்றைப்படி முறையை சோம்சின்ஸ்கியும் சாக்கியும் 1987இல் வெளியிட்டார்கள். கிட் வாங்கப் பணம் இல்லாத லேபுக்கு இன்றும் இதுதான் கதி. சரியாகச் செய்தால் கிட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்ததும் இல்லை.

ஆர்.என்.ஏ.வின் எதிரி ஆர்.என்.ஏஸ். ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தாலும் ஆறியதும் மறுபடி மடிந்து வேலைக்கு வந்துவிடும் அளவுக்குக் கெட்டியான என்சைம் அது. நம் வியர்வையில் இருக்கிறது, தோலில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கையுறைக்குள் வியர்த்து மணிக்கட்டு வரை வழியும். நெற்றியைத் துடைத்த கையுறையோடு டியூபைத் தொடுவதும் நடக்கும். கால்மணிக்கு ஒரு முறை கையுறை மாற்றினால் தப்பில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். செம்மண் புழுதி ஜன்னல் இடுக்கில் எப்படி வந்து படிகிறது என்று இந்தப் பக்கத்தில் வீடு கூட்டுபவர்களுக்குத் தெரியும். அதே புழுதிதான் திறந்த டிப் பெட்டியிலும் விழுகிறது.

தண்ணீருக்கு லிட்டருக்கு 1 மி.லி. டெப்க் (ஆர்.என்.ஏஸை முடக்கும் வேதிப்பொருள்) கலந்து, இரவு முழுக்க ஃபியூம் ஹூடில் வைத்து, ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஆட்டோகிளேவை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் டெப்க் அடுத்த என்சைம் வேலையைக் கெடுக்கும். டிரிஸ் பஃபரில் டெப்க் போடாதீர்கள். டிரிஸே அதைத் தின்றுவிடும். கண்ணாடிப் பாத்திரங்களை 180°செ. ஹாட் ஏர் ஓவனில் எட்டு மணி நேரம் வையுங்கள்.

இனி வேலை. டிரைசால் கலவை அறை வெப்பத்தில் 5 நிமிடம். 200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம். வெயில் நாளில் குளோரோஃபார்ம் டிப்பிலிருந்து தானாகச் சொட்டும். இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு டிப்பை ஆவியால் நிரப்பிய பிறகு எடுத்தால் நிற்கும். பாலிபுரோப்பிலீன் டியூப்தான் வேண்டும். பாலிஸ்டைரீன் குளோரோஃபார்மில் கரையும். 15 நொடி கையால் பலமாகக் குலுக்கி, 3 நிமிடம் விட்டு, 12,000 ஜி-யில் 15 நிமிடம், 4°செ.

அந்த 4°செ. அலங்காரத்துக்கு எழுதியதல்ல. சூடாகச் சுழன்றால் டி.என்.ஏ. மேல் அடுக்குக்கு ஏறிவரும். அறை 35°செ.யில் இருக்கும்போது சென்ட்ரிஃபியூஜை அப்போதுதான் ஆன் செய்தால் திரையில் 4 காட்டினாலும் ரோட்டர் கொதித்துக் கிடக்கும். ரோட்டரை உள்ளே வைத்து அரைமணி முன்பே குளிரவிடுங்கள்.

வெளியே எடுத்தால் மூன்று அடுக்கு: கீழே ரோஜா நிற ஃபீனால், நடுவில் வெள்ளை ஏடு, மேலே தெளிந்த நீர். மேல் நீர் 500 முதல் 600 மைக்ரோலிட்டர் இருக்கும். அதில் 400 மட்டும் எடுங்கள். டியூபை 45 பாகை சாய்த்து, டிப்பின் நுனி நீர்மட்டத்தோடு இறங்கி வருமாறு 200, பிறகு 100, பிறகு 100. வெள்ளை ஏட்டின் நூல் ஒன்று டிப்பை நோக்கி நெளிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கடைசி 100 மைக்ரோலிட்டருக்கு ஆசைப்படுவதுதான் புதியவர்கள் டி.என்.ஏ. கலப்பை வரவழைக்கும் வழி. ஹீலா குழி ஒன்றில் பத்து மைக்ரோகிராம் அளவில் ஆர்.என்.ஏ. கிடைக்கும், நமக்கு வேண்டியதோ ஒன்றிரண்டு.

500 மைக்ரோலிட்டர் ஐசோபுரப்பனால், 10 நிமிடம், 12,000 ஜி-யில் 10 நிமிடம். டியூபின் எந்தப் பக்கம் வெளியே பார்த்து நிற்கிறது என்று முன்பே குறித்து வையுங்கள். வண்டல் அங்கேதான் இருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. 75% எத்தனால் 1 மி.லி.யில் கழுவி, 7,500 ஜி-யில் 5 நிமிடம். எத்தனாலை ஊற்றிவிடாமல் பிப்பெட்டால் எடுங்கள். மறுபடி ஒரு சின்னச் சுழற்று, மிச்சத்தை 10 மைக்ரோலிட்டர் டிப்பால் எடுங்கள்.

உலர்த்தும் இடத்தில்தான் நம் ஊர் வெயில் விளையாடும். குளிர்நாட்டு லேபுகளில் எழுதிய நெறிமுறையில் 10 நிமிடம் என்று இருக்கும். இங்கே கோடையில் மூன்று நான்கு நிமிடமே போதும். வெள்ளையாக இருக்கும் வண்டல் ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் ஆகத் தொடங்கும்போதே நீரை விட்டுவிட வேண்டும். முழுக்க உலர்ந்து டியூபில் பொருக்காக ஒட்டிவிட்டால் கரைவது பெரும்பாடு. 30 மைக்ரோலிட்டர் நீர், 55°செ.யில் 10 நிமிடம், பிறகு ஐஸ்.

ஐஸ் மெஷின் பழுதென்றால் மீன் மார்க்கெட் ஐஸை உடைத்துத் தெர்மகோல் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை. டியூப் மூடி நீருக்குள் அமிழாமலும், திறக்கும் முன் வெளிப்புறம் துடைத்தும் இருந்தால் சரி.

ஒரு எச்சரிக்கை: டிரைசால் கழிவில் பிளீச்சிங் திரவம் ஊற்றவே கூடாது. தயோசயனேட்டோடு சேர்ந்து நச்சு வாயு வரும். ஃபீனால் தோலில் பட்டால் முதலில் மரத்துத்தான் போகும், எரிச்சல் பின்னால் வரும். வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

நல்லதா என்று பார்ப்பது

நானோடிராப் கருவியில், 260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 2.0ஐ ஒட்டி இருக்க வேண்டும். 260/230 2.0க்கு மேல். முதலாவது 1.6 என்றால் ஃபீனாலோ புரதமோ கலந்திருக்கிறது. இரண்டாவது 1க்கும் கீழே போனால் குவானிடின் உப்பு மிச்சம். பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிடேட், இரண்டரைப் பங்கு எத்தனால் விட்டு −20°செ.யில் வைத்து மறுபடி வீழ்படிவாக்கினால் சரியாகிவிடும். எண்ணை மட்டும் பார்க்காமல் வளைவையும் பாருங்கள். உச்சி 260இல் இல்லாமல் 270 பக்கம் நகர்ந்திருந்தால் அது ஃபீனால். காட்டும் அடர்த்தியும் பொய்.

விகிதம் நன்றாக இருந்தும் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகக் கிடக்கலாம். நானோடிராப்புக்கு அது தெரியாது. 500 நானோகிராமை ஃபார்மமைடு சாயத்தில் 70°செ.யில் 5 நிமிடம் சூடாக்கி 1% அகரோஸில் ஓட்டுங்கள். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 28எஸ், 18எஸ் என்று இரண்டு பட்டை, மேலது கீழதைப்போல் இருமடங்கு ஒளியோடு தெரிந்தால் நிம்மதி. கீழே புகையாகப் படர்ந்திருந்தால் அந்த மாதிரியை வைத்து மேலே போகாதீர்கள். மாதிரி விட்ட ஜெல் குழியிலேயே ஒரு பட்டை நின்றால் அது டி.என்.ஏ.

டி.என்.ஏ.வை நீக்க 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.க்கு 1 யூனிட் டி.என்.ஏஸ்-1, 37°செ.யில் 30 நிமிடம். அப்புறம் இ.டி.டி.ஏ.வை 5 மில்லிமோலார் வரும்படி விட்டு 65°செ.யில் 10 நிமிடம். இ.டி.டி.ஏ. விட மறந்து சூடாக்கினால் பஃபரில் உள்ள மக்னீசியமே ஆர்.என்.ஏ.வை அறுத்துவிடும்.

சி.டி.என்.ஏ.

ஆர்.என்.ஏ.வைப் பார்த்து எழுதும் டி.என்.ஏ. நகல்தான் சி.டி.என்.ஏ. இங்கே சொல்வதற்கு அதிகம் இல்லை. எல்லா மாதிரியிலும் ஒரே அளவு, 1 மைக்ரோகிராம். ரேண்டம் ஹெக்சாமரும் ஓலிகோ-டி.டி.யும் கலந்து 20 மைக்ரோலிட்டர் வினை. 25°செ. 10 நிமிடம், 42 அல்லது 50°செ. (என்சைமைப் பொறுத்து) ஒரு மணி, 85°செ. 5 நிமிடம். ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைம் போடாத ஜோடி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். முடிந்ததும் பத்து மடங்கு நீர்த்துப் பிரித்து வையுங்கள். என்சைம்களைத் தானே பனி உருக்கும் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது தினமும் ஒரு தடவை சூடாகிக் குளிரும், என்சைம் மாதத்தில் செத்துவிடும்.

பார்சலைப் பற்றியும் இங்கேயே சொல்லலாம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் என்சைம், டிரை ஐஸில் கிளம்பி மதுரை அல்லது திருச்சி வழியாகத்தான் காரைக்குடிக்கு வந்து சேரும். வியாழன், வெள்ளியில் அனுப்பச் சொன்னால் சனி, ஞாயிறு எங்காவது கிடங்கில் கிடக்கும். திங்களன்று அனுப்பச் சொல்லுங்கள். பொங்கல் வாரத்தைத் தவிருங்கள். பெட்டியைத் திறந்ததும் டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று படம் எடுத்து வைத்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ஆதாரம் இருக்கும்.

தட்டை நிரப்புவது

பிரைமர் (எந்த மரபணுவைப் பெருக்குவது என்று காட்டும் குட்டி டி.என்.ஏ. துண்டு): 58 முதல் 62°செ. உருகுநிலை, 70 முதல் 150 இணை நீளத் துண்டு, இரண்டு எக்சான்களின் சந்திப்பைத் தாண்டிச் செல்வது. வாங்கியதும் ஒரு முறை திறனைச் சோதியுங்கள். பத்துப் பத்து மடங்காக நீர்த்த ஐந்து புள்ளி, சி.டி.யை நீர்ப்பின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் சாய்வு −3.32 என்றால் திறன் 100%. −3.1 முதல் −3.6 வரை ஏற்கலாம், அதாவது 90 முதல் 110%. அதற்கு வெளியே போன பிரைமரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், புதிதாக வடிவமையுங்கள்.

ஒப்பீட்டு மரபணு, அதாவது தூண்டினாலும் மாறாமல் நிற்பது, எது? பீட்டா-ஆக்டினும் ஜி.ஏ.பி.டி.ஹெச்.சும் எல்லாரும் போடுவதால் போடுவது வழக்கமாகிவிட்டது. ஜி.ஏ.பி.டி.ஹெச். ஆக்சிஜன் குறைந்தால் ஏறும், இன்சுலினுக்கு அசையும். நீரிழிவு ஆய்வில் அதை நம்புவது சரியில்லை. பீட்டா-2-மைக்ரோகுளோபுலினை நம் சோதனையில் தொடவே வேண்டாம், அதுவே டி.என்.எஃப்.புக்கு ஏறும். ஆர்.பி.எல்.பி.-0, டி.பி.பி. இரண்டையும் முயன்று பாருங்கள். ஆறு மாதிரியிலும் சி.டி. அரை அலகுக்குள் நின்றால் வைத்துக்கொள்ளலாம். ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

வினை 10 மைக்ரோலிட்டர்: இருமடங்கு சைபர் கிரீன் சாயக் கலவை 5, 10 மைக்ரோமோலார் பிரைமர் தலா 0.3, நீர்த்த சி.டி.என்.ஏ. 2, மீதி 2.4 நீர். ஒவ்வொரு மரபணுவுக்கும் கலவையை மொத்தமாக, பத்து சதவீதம் கூடுதலாகச் செய்து பிரிக்க வேண்டும், 0.3 மைக்ரோலிட்டரைக் குழி குழியாக விட எந்தக் கையாலும் ஆகாது. ஆறு மாதிரி, நான்கு மரபணு, மும்மூன்று குழி: 72. நீர் மட்டும் விட்டவை நான்கு மரபணுவுக்கும் மும்மூன்று: 12. என்சைம் போடாத ஆறு மாதிரியும் ஒரு மரபணுவுக்கு இரண்டிரண்டு: 12. மொத்தம் 96, தட்டு சரியாக நிரம்பிவிடும்.

95°செ.யில் 2 நிமிடம் (கலவைக்குக் கலவை இது மாறும், தாளைப் பாருங்கள்), பிறகு 95°செ. 15 நொடி, 60°செ. 1 நிமிடம், 40 சுற்று. கடைசியில் உருகு வளைவு, அதாவது பெருகிய துண்டு எந்த வெப்பத்தில் பிரிகிறது என்று பார்ப்பது. ஓட்டம் ஒன்றரை மணிக்கு மேல் போகும். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடி இடைவெளி போதும், தட்டு வீண். கருவியும் கம்ப்யூட்டரும் இரண்டுமே யு.பி.எஸ்.ஸில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கருவியை மட்டும் இணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள்.

உருகு வளைவில் ஒரே உச்சி வர வேண்டும். 75°செ. பக்கம் குட்டி உச்சி தெரிந்தால் அநேகமாகப் பிரைமர்கள் தமக்குள் ஒட்டியவை. நீர்க் குழியில் 38ஆம் சுற்றில் ஏதோ ஏறினால் பயப்பட வேண்டாம். மாதிரியே 33இல்தான் வருகிறது என்றால் பயப்படுங்கள். என்சைம் போடாத குழி, போட்டதைவிட ஏழு சுற்றாவது பின்னால் வர வேண்டும். ஏழு சுற்று என்றால் நூறு மடங்குக்கு மேல். டி.என்.ஏ. கலப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ் என்று பொருள்.

கணக்கு

சி.டி. ஒன்று குறைந்தால் அளவு இரண்டு மடங்கு. கணக்குப் புரிவதற்காகச் சில எண்கள்: தூண்டாத குழியில் ஐ.எல்.-8 27.4, ஒப்பீட்டு மரபணுக்களின் சராசரி 18.2, வித்தியாசம் 9.2. இரண்டு மணிக் குழியில் 22.6, 18.3, வித்தியாசம் 4.3. 4.3இலிருந்து 9.2ஐக் கழித்தால் −4.9. இரண்டின் 4.9ஆம் அடுக்கு ஏறத்தாழ 30. முப்பது மடங்கு ஏற்றம். லிவாக், ஷ்மிட்கன் இருவரும் 2001இல் எழுதிய முறை இது; பிரைமர்களின் திறன் எல்லாம் 100%ஐ ஒட்டி இருந்தால்தான் செல்லும். ஐ-கப்பா-பி-ஆல்ஃபா ஒரு மணிக்குள்ளேயே ஏறியிருக்கும், ஐ.எல்.-8 அதைவிடப் பெரிய மடங்கில் நிற்கும். இரண்டுமே அசையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி.என்.எஃப். குப்பியை.

மூன்று குழி என்பது மூன்று சோதனை ஆகாது. அது பிப்பெட் பிடித்த கை நடுங்கியதா என்று பார்ப்பதற்கு மட்டும். வேறு வேறு நாளில், வேறு வேறு தட்டில் வளர்த்த செல்லில் மூன்று முறை செய்தால்தான் எண்ணிக்கை மூன்று. டி-டெஸ்ட்டை மடங்கில் போடாமல் வித்தியாச சி.டி.யில் போடுங்கள், மடங்கு ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும் எண்.

ஆவாரைச் சாறு போட விரும்புபவர்களுக்கு

இந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லாருடைய அடுத்த ஆசையும் இதுதான். பள்ளத்தூர், கானாடுகாத்தான் சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையைப் பறித்து, உலர்த்தி, எத்தனாலில் ஊறவைத்து, அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்ப்பது. செய்யலாம். ஆனால் ஐ.எல்.-8 குறைந்ததும் 'அழற்சி எதிர்ப்பு' என்று எழுதிவிடக் கூடாது. குறைவதற்கு மூன்று சப்பைக் காரணங்கள் உண்டு.

முதலாவது, செல் செத்துக்கொண்டிருக்கலாம். உயிருள்ள செல்லை ஊதா நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் செறிவை மட்டுமே எடுங்கள். சாற்றின் நிறமும் பாலிஃபீனாலும் எம்.டி.டி.யைத் தாமாகவே ஊதாவாக்கும் என்பதால், செல் இல்லாத குழியில் சாற்றை மட்டும் விட்டு ஒரு வரிசை வையுங்கள்.

இரண்டாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆவாரம்பட்டையைக் காலங்காலமாகத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும், அதனால்தான் தோல் பதமாகிறது. அதே டானின் குழிக்குள் இருந்தால் நீங்கள் விட்ட டி.என்.எஃப்.பையும் பிடித்துக்கொள்ளலாம். டி.என்.எஃப். ஏற்பிக்கே போய்ச் சேரவில்லை என்றால் பாதை எப்படித் தூண்டப்படும்? சாற்றில் ஒரு மணி நேரம் வைத்து, இரண்டு முறை பி.பி.எஸ்.ஸில் கழுவி, புது ஊடகத்தில் டி.என்.எஃப். விடுங்கள். கழுவாத வரிசையில் மட்டும் ஐ.எல்.-8 குறைந்து, கழுவியதில் குறையவில்லை என்றால் செல்லுக்குள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. இறுதி அளவு 0.1%ஐத் தாண்டாமல், எல்லாக் குழியிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேக்ரோஃபேஜ் வகைச் செல்லில் செய்பவர்கள் சாற்றில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புழுதியோடு வந்த பாக்டீரியாவின் உறைத்துண்டே பாதையைத் தூண்டிவிடும். ஒப்பிட பே 11-7082 என்ற தெரிந்த தடுப்பானை 5 மைக்ரோமோலாரில் ஒரு குழியில் வையுங்கள். அதுவும் குறைக்கவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு.

இத்தனையும் தாண்டிக் குறைந்தால் புரதத்தைப் பாருங்கள். 0, 15, 30, 60 நிமிடத்தில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவுக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை). சாறு இல்லாத செல்லில் 15, 30இல் பட்டை மறைந்து 60இல் திரும்ப வரும். சாறு போட்டதில் 15இலேயே பட்டை நின்றால் ஐ.கே.கே.க்கு மேலேயோ, ஐ.கே.கே.யிலோ, புரோட்டியசோம் அழிக்கும் கட்டத்திலோ தடை. பட்டை வழக்கம்போல் மறைந்தும் ஐ.எல்.-8 மட்டும் குறைந்தால் தடை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. நியூக்ளியசுக்குள் பி65 (என்.எஃப்.-கப்பா-பி-யின் ஒரு பகுதி) போகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்குக்கு வெளியூர் அனுப்ப வேண்டியிருந்தால் நீரில் கரைத்து அனுப்பாதீர்கள். வண்டலை 75% எத்தனாலுக்குள் மூழ்கவிட்டு அனுப்புங்கள். அந்த நிலையில் 4°செ.யில் ஒரு வாரம், −20°செ.யில் ஒரு வருடம் இருக்கும். டிரை ஐஸ் வழியில் தீர்ந்தாலும் உடனே கெடாது. பெறுபவர் அதைச் சுழற்றி இறக்கி, எத்தனாலை எடுத்துவிட்டு, நீரில் கரைத்துக்கொள்வார். டியூபின் மேல் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் மார்க்கர் எழுத்து அழிந்துவிடும்.